பழைய மெர்சிடிஸின் வேக்குவம் கதவுப் பூட்டும் ஒரு கைப் பம்பும்

கைப்பிடியை அழுத்தி அழுத்திக் காற்றை இழுத்து வேக்குவம் (வெற்றிடம்) உண்டாக்கும் ஒரு சின்ன பம்ப், அதன் மேல் வேக்குவத்தின் அளவைக் காட்டும் ஒரு கேஜ், கூடவே கொஞ்சம் டியூப், சில இணைப்புத் துண்டுகள், ஒரு சின்ன ஜாடி. இவ்வளவுதான் பெட்டிக்குள் இருக்கும். பிரேக் ஆயில் மாற்றுவதற்கு என்றுதான் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், நான் வாங்கியது வேறு வேலைக்கு: மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ123 டீசல் வண்டியின் கதவுப் பூட்டுகளில் எங்கே காற்று நுழைகிறது என்று கண்டுபிடிக்க. இந்த வண்டியையோ இதே மாதிரி வேக்குவத்தில் பூட்டும் வேறு பழைய வண்டியையோ வைத்திருப்பவர்கள் ஒரு ஆக்சுவேட்டர்கூட (பூட்டை நகர்த்தும் சின்ன டப்பா) வாங்குவதற்கு முன் இதைத்தான் வாங்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பம்ப் கையில் இருந்து பயனில்லை.

டபிள்யூ123 என்பது 1976 தொடக்கத்தில் அறிமுகமாகி 1980களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் வெளிவந்த வரிசை. அதில் சென்ட்ரல் லாக் உள்ள வண்டிகளில் கதவைப் பூட்ட மின்சாரமே கிடையாது, மோட்டார் கிடையாது. 240டி, 300டி போன்ற டீசல் வண்டிகளில் இன்ஜினின் முன்பக்கம் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும், பெட்ரோல் வண்டிகளில் இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே வேக்குவம் எடுத்துக்கொள்வார்கள். பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, ஒருவழி வால்வைத் தாண்டி, மஞ்சள் நிற மெல்லிய டியூப் வழியாக ஒரு வேக்குவம் டேங்குக்கும் டிரைவர் கதவுக்கும் போகிறது. டிரைவர் கதவில் ஆக்சுவேட்டர் இல்லை, அங்கே இருப்பது ஒரு வால்வு. நீங்கள் சாவியைத் திருப்பும்போதோ உள்ளே இருக்கும் குமிழை அழுத்தும்போதோ அந்த வால்வு நகர்ந்து, மற்ற மூன்று கதவுகள், டிக்கி, டீசல் ஊற்றும் மூடி ஆகிய ஐந்து இடங்களில் உள்ள ஆக்சுவேட்டர்களுக்கு வேக்குவத்தை அனுப்புகிறது. பூட்டுவதற்கு ஒரு லைன், திறப்பதற்கு இன்னொரு லைன். மஞ்சள் டியூபில் சிவப்புக் கோடு போட்டது பூட்டும் லைன், பச்சைக் கோடு போட்டது திறக்கும் லைன். நாற்பது வருடம் ஆன டியூபில் கோடு மங்கிப்போயிருக்கும், ஈரத்துணியால் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு ஆக்சுவேட்டரும் நடுவில் ரப்பர் டயாஃப்ரம் உள்ள ஒரு சின்ன டப்பா. ஒரு பக்கம் காற்றை இழுத்தால் மறுபக்கம் இருக்கும் வெளிக்காற்று டயாஃப்ரத்தைத் தள்ளும், அதோடு சேர்ந்த கம்பி பூட்டை மேலேயோ கீழேயோ கொண்டுபோகும். இதில் எவ்வளவு பலம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 4 செ.மீ. விட்டமுள்ள ஒரு டயாஃப்ரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேஜில் 15 இன்ச் (பாதரசக் கணக்கில்) காட்டுகிறது என்றால் அது சாதாரணக் காற்றழுத்தத்தில் பாதி, அந்த அளவுக்கே கம்பியின் மேல் ஆறரை கிலோ தூக்கும் அளவு விசை கிடைக்கும். கதவுப் பூட்டுக்கு அது தாராளம். சத்தமும் இல்லை, மெதுவான ஒரு 'டக்', அவ்வளவுதான். பேட்டரி செத்துக் கிடந்தாலும் எல்லாக் கதவும் பூட்டும். இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு, அதனால்தான் எலக்ட்ரிக் கிட் ஒன்றைப் போட்டுவிட்டு இதைப் பிடுங்கி எறிந்துவிடலாமே என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

டீசல் வண்டியில் கதவுப் பூட்டு வெறும் சௌகரியத்துக்கான விஷயமும் இல்லை. சாவியைத் திருப்பி அணைக்கும்போது இன்ஜினை நிறுத்துவதும் இதே வேக்குவம்தான். இன்ஜினுக்கு டீசலை அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் பின்னால் உள்ள ஒரு சின்ன டயாஃப்ரம் டீசலை நிறுத்த வேண்டும், அதற்கு வேக்குவம் போதவில்லை என்றால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், பானெட்டைத் திறந்து ஸ்டாப் லீவரை அழுத்தித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். இன்ஜின் நிற்கவில்லை என்றதும் பலர் இன்ஜெக்ஷன் பம்ப் போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பின்கதவுக்குள் கிழிந்துபோன ஒரு ரப்பர் துண்டும் அதற்குக் காரணமாக இருக்கலாம். முன்பக்கத்தில் அந்த மஞ்சள் டியூபைக் கழற்றி, அது பிரியும் இடத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டி அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் குற்றவாளி கதவுப் பூட்டுப் பக்கம் இருக்கிறது. அப்போதும் நிற்கவில்லை என்றால் வேறு கிளையில் தேட வேண்டும், இந்தக் கட்டுரையில் மீதி உள்ளது உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சரி, பம்புக்கு வருகிறேன்.

நான் வாங்கியது உலோக உடம்பு கொண்ட வகை. பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அதுவும் வேலை செய்யும், ஆனால் கைப்பிடி சேரும் அச்சு இருக்கும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது கையில் பிடித்துப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு கையால் அழுத்தலாம், இதுதான் எனக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் இன்னொரு கை கதவுக்குள் பூட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். கேஜில் வெளிவட்டம் இன்ச் கணக்கில், உள்வட்டம் சென்டிமீட்டர் கணக்கில், இரண்டுமே பாதரசக் கணக்குதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தமே 29.92 இன்ச் என்பதால் கேஜ் 30ஐத் தாண்டிக் காட்டாது, மலைப் பிரதேசத்தில் 1,000 அடிக்கு ஏறத்தாழ 1 இன்ச் வீதம் குறையும். அங்கே இருப்பவர்கள் கேஜைக் குறை சொல்லாமல் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விடுவிக்கும் லீவர் ஆள்காட்டி விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, வேக்குவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட முடிகிறது, சட்டென்று முழுதாகவும் விட முடிகிறது.

குறைகள் உண்டு. கூட வரும் டியூப் குட்டையானது, இன்ஜின் பக்கம் பரவாயில்லை, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள இணைப்பில் மாட்டினால் கேஜைப் பார்க்கத் தரையில் தலை வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை இணைப்புத் துண்டுகள். எல்லாமே பிரேக் நிப்பிளுக்கும் தடித்த ஹோஸுக்கும் ஏற்றவை, மெர்சிடிஸின் மெல்லிய நைலான் டியூபில் ஒன்றுகூட இறுக்கமாக உட்காரவில்லை. பம்பின் கூம்பு வடிவத் துண்டின் மறுமுனையில், வண்டியில் இருப்பது போன்ற சின்ன ரப்பர் இணைப்பு ஒன்றைச் செருகிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்த ரப்பர் இணைப்புகளைப் பம்போடு சேர்த்தே வாங்கி வையுங்கள், நேர், எல், டி, நாலு வழி என்று எல்லா வடிவிலும். எப்படியும் வண்டியில் பாதி இணைப்புகளை மாற்றத்தான் போகிறீர்கள். விளக்கத் தாளில் பிரேக்கைத் தவிர வேறு எதைப் பற்றியும் உருப்படியாக ஒன்றும் இல்லை.

எந்தக் கம்பெனி பம்பாக இருந்தாலும் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, டியூபின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு 20 இன்ச் வரை ஏற்றிவிட்டுக் காத்திருப்பது. ஊசி அசையக் கூடாது. பிறகு நீங்கள் மாட்டப்போகும் ரப்பர் இணைப்பையும் போட்டு, அதன் நுனியை அடைத்து அதே சோதனை. இதைச் செய்யாமல் வண்டியில் மாட்டினால் பம்பில் இருக்கும் கசிவைக் கதவில் இருப்பதாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பம்புக்குள் உள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்துபோனால் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் போதும், பெட்ரோலிய கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். வண்டியின் ரப்பர் இணைப்புகளுக்கும் இதே விதிதான்.

அடுத்தது இன்ஜினின் வேக்குவம் பம்ப். கையால் ஒரு தடவைகூட அழுத்த வேண்டாம், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கேஜை மட்டும் அந்த லைனில் மாட்டினால் போதும். நல்ல நிலையில் உள்ள டீசல் வண்டியில் ஊசி 20 இன்ச்சைச் சட்டென்று தாண்டும். அப்படி ஏறவில்லை என்றால் கதவுகளை விட்டுவிட்டு இதை முதலில் பாருங்கள், பிரேக்கும் இதை நம்பித்தான் இருக்கிறது. பிரேக் பூஸ்டரையும் அப்போதே சோதித்துவிடலாம், இன்ஜினை அணைத்துவிட்டு பெடலைப் பல தடவை மிதித்து இறுக்கமாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

அதன் பிறகு ஒருவழி வால்வு. ஒரு பக்கம் பம்பை மாட்டினால் ஊசி ஏறவே கூடாது, திருப்பி மாட்டினால் ஏறி நிற்க வேண்டும். இந்த வால்வு பிடிக்கவில்லை என்றால் இன்ஜின் ஓடும்போது பூட்டு நன்றாக வேலை செய்யும், அணைத்த கொஞ்ச நேரத்தில் டேங்கில் சேர்த்து வைத்த வேக்குவம் எல்லாம் முன்பக்கமாகத் திரும்பிப் போய்விடும். காலையில் வந்து சாவியைத் திருப்பினால் டிரைவர் கதவு மட்டும் திறக்கும். இதே அறிகுறிதான் கதவுக்குள் இருக்கும் மெல்லிய கசிவுக்கும், ஆகவே இரண்டையும் கேஜ் இல்லாமல் பிரித்தறிய வழியில்லை.

இனி வருவதுதான் இந்தக் கருவியின் முழு மதிப்பு. முன்பக்கம் மஞ்சள் லைனில் பம்பை மாட்டி, டிரைவர் கதவுக் குமிழைக் கீழே அழுத்தி வைத்து, 15 இன்ச்சுக்கு ஏற்றுங்கள். டேங்கும் இந்த வழியில் இருப்பதால் நிறைய அழுத்த வேண்டியிருக்கும், கை வலிக்கும், பம்ப் பழுதில்லை. ஏறியதும் ஊசியைப் பாருங்கள். பிறகு குமிழை மேலே தூக்குங்கள், ஆக்சுவேட்டர்கள் நகர்ந்ததில் கொஞ்சம் வேக்குவம் செலவாகி ஊசி இறங்கியிருக்கும், மறுபடி 15க்கு ஏற்றிவிட்டுத் திரும்பவும் கவனியுங்கள். குமிழ் கீழே இருக்கும்போது பூட்டும் பக்கம் மட்டும் வேக்குவத்தில் இருக்கிறது, மேலே இருக்கும்போது திறக்கும் பக்கம் மட்டும். ஒரு நிலையில் நிற்கிறது, இன்னொரு நிலையில் இறங்குகிறது என்றால் டேங்க், சப்ளை லைன், டயாஃப்ரம் எல்லாம் நல்லது என்று ஒரே அடியில் தெரிந்துவிடும், ஏனென்றால் அவை இரண்டு நிலைக்கும் பொதுவானவை. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் காற்று போகும், அது பூட்டும்போதும் கசியும், திறக்கும்போதும் கசியும். ஒரு நிலையில் மட்டும் கசிகிறது என்றால் அந்த நிறக் கோடு போட்ட டியூப், அதன் ரப்பர் இணைப்புகள், அல்லது ஆக்சுவேட்டரின் கம்பி வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் உறை, இவற்றில் ஒன்றுதான். டிரைவர் கதவு வால்வும் ஒரு நிலையில் மட்டும் கசியக்கூடும், அதைத் தனியாகச் சோதிக்கலாம், இரண்டு வெளிவழிகளையும் அடைத்துவிட்டு சப்ளை வழியில் பம்ப் செய்தால் குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் ஊசி நிற்க வேண்டும். ஒரு திருகுகூடக் கழற்றாமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம். வேறு எந்தக் கருவியும் எனக்கு இந்த வேலையை இப்படிச் செய்து கொடுத்ததில்லை.

ஊசி விழும் வேகத்தை வைத்து ஓட்டையின் அளவை முடிவு செய்வதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். அதே ஓட்டை குடத்தைச் சீக்கிரம் காலி செய்யும், தொட்டியைக் காலி செய்ய நேரமாகும். டேங்கோடு சேர்த்துச் சோதிக்கும்போது ஊசி மெதுவாக இறங்கினால் 'சின்ன லீக்தான், பரவாயில்லை' என்று விட்டுவிடக் கூடாது, அந்தக் கதவின் லைனை மட்டும் தனியாகப் பிரித்து மாட்டினால் அதே லீக் ஊசியைக் கண்ணெதிரே பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடும். மறுபக்கம், ஒரு குட்டி டியூபை மட்டும் மாட்டியிருக்கும்போது ஊசி வேகமாக விழுந்தால் பெரிய கிழிசல் என்று அலற வேண்டியதும் இல்லை, இணைப்பு சரியாக உட்காராததுகூட அப்படிக் காட்டும். அதனால் எப்போதும் டேங்கை முதலில் பிரித்து அதைத் தனியாகச் சோதித்து நல்லது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு அது இல்லாமல் மற்றவற்றைச் சோதிப்பதே நல்லது. கைக்கும் சுகம், முடிவும் சீக்கிரம் தெரியும்.

கிளைகளைப் பிரிக்கும் வேலை பொறுமையைக் கேட்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் நாலு வழி ரப்பர் இணைப்புகள் இருக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கதவுக்கும் டியூப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையாகக் கழற்றி, அந்த வழியை அடைத்து, மறுபடி பம்ப் செய்து பார்க்க வேண்டும், எந்தக் கிளையை அடைத்ததும் ஊசி நிற்கிறதோ அதுதான் குற்றமுள்ள கிளை. ஆனால் கசிவு இரண்டு மூன்று இடத்தில் இருப்பது இந்த வயது வண்டியில் சகஜம், ஒன்றை அடைத்ததும் ஊசி நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவானது என்றால் அதையும் குறித்து வைத்துக்கொண்டு அடைத்தபடியே அடுத்ததற்குப் போங்கள். நைலான் டியூபைப் பிளையரால் நசுக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். ரப்பரை மட்டும், அதுவும் மெதுவாக. இணைப்புக்குள் நுழையும் டியூப் நுனி தேய்ந்து வழவழப்பாக இருந்தால் கூர்மையான பிளேடால் கொஞ்சம் நேராக வெட்டிவிட்டுப் புது ரப்பரில் செருகினால் போதும். சீலன்ட், பசை எதுவும் வேண்டாம், அவை உள்ளே போய் வழியை அடைத்தால் பிறகு அந்த டியூபையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பூட்டும் லைனில் பம்ப் செய்யும்போது கதவுகளும் டிக்கியும் உண்மையிலேயே பூட்டிக்கொள்ளும். சாவியை டிக்கிக்குள் வைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

டோர் பேட் (கதவின் உள்பக்க மூடுபலகை) கழற்றும் வேலைக்கு முன் டிக்கியும் டீசல் மூடியும் முடிந்துவிடட்டும், அவற்றின் ஆக்சுவேட்டர்களைத் தொடுவது எளிது. கதவு என்று வந்தால், கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் டியூப் மடங்கி மடங்கி நீளும் இடத்தை முதலில் பாருங்கள், எத்தனையோ ஆயிரம் தடவை கதவு திறந்து மூடியதில் அங்கே டியூப் உடைந்திருக்கலாம், அப்படி என்றால் ஆக்சுவேட்டர் நல்லதாகவே இருக்கும். டோர் பேடைக் கழற்றியதும் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். ஆக்சுவேட்டரின் ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாகப் பம்ப் செய்தால் கம்பி முழுதாக நகர்ந்து, ஊசி ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும்.

நின்றும் கதவு பூட்டவில்லையா? அப்படியும் நடக்கும், அதற்கும் இந்தப் பம்ப்தான் பதில் சொல்கிறது. ஊசி அசையாமல் நிற்கிறது, கம்பி மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் கசிவு இல்லை, பூட்டின் இரும்புப் பாகத்தில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது. ஆக்சுவேட்டரைப் பூட்டிலிருந்து பிரித்துவிட்டு விரலால் பூட்டை நகர்த்திப் பாருங்கள், பலம் போட வேண்டியிருந்தால் வேக்குவத்தால் எப்படி முடியும்? சுத்தம் செய்து புது கிரீஸ் போட்டால் அதே பழைய ஆக்சுவேட்டர் நன்றாக வேலை செய்யும். கேஜ் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் நல்ல ஆக்சுவேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறார்கள், புதியதும் பாதியில் நிற்கிறது.

பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஆக்சுவேட்டர் வாங்குபவர்கள் பம்பைக் கூடவே கொண்டுபோக வேண்டும். இரண்டு வழியிலும் அங்கேயே பம்ப் செய்து பார்த்து, ஊசி நின்றால் மட்டும் வாங்குங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் டப்பாவுக்குள் ரப்பர் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. மாற்றுப் பாகம் கிடைக்கும் வரை வண்டி கிடந்து காத்திருக்கவும் வேண்டாம், கெட்ட கிளையின் இரண்டு லைனையும் அடைத்துவிட்டால் மற்ற கதவுகளும் பூட்டும், இன்ஜினும் ஒழுங்காக நிற்கும், அந்த ஒரு கதவை மட்டும் கையால் பூட்டிக்கொள்ளலாம்.

கூட வரும் ஜாடியைத் தேவையில்லை என்று ஒதுக்க வேண்டாம். இன்ஜினை நிறுத்தும் டயாஃப்ரம் கிழிந்தால் அந்த லைனில் இன்ஜின் ஆயில் ஏறி வரும். அந்த லைனைச் சோதிக்கும்போது நடுவில் ஜாடியை மாட்டினால் ஆயில் அதில் விழும், பம்புக்குள் போகாது. ஜாடியில் ஆயில் சேர்ந்தால் நோய் எது என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

வேறு வழிகளையும் சொல்ல வேண்டும். வாயால் டியூபை உறிஞ்சிப் பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஆயில் இருக்கலாம், அளவும் தெரியாது. சோப்புத் தண்ணீர் தடவுவது அழுத்தம் உள்ள குழாய்க்குச் சரி, வேக்குவத்தில் அது நுரைக்காமல் உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் வண்டியில் வேக்குவம் கசிந்தால் ஐடில் தடுமாறும், அதை வைத்துச் சிலர் கண்டுபிடிப்பார்கள், டீசல் வண்டியில் அந்த அறிகுறியே வராது. புகை மெஷின் இன்ஜின் பக்கம் உள்ள பெரிய கசிவுகளுக்கு அருமை, ஆனால் மூடிய கதவுக்குள் மெல்லியதாகக் கசியும் புகையை எங்கிருந்து பார்ப்பது?

டபிள்யூ126, டபிள்யூ201, டபிள்யூ124 வைத்திருப்பவர்களுக்கும் சில ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கும் விஷயம் கொஞ்சம் வேறு. அவற்றில் மின்சாரத்தில் ஓடும் தனிப் பம்ப் உண்டு, அது ஒரே லைனில் பூட்டுவதற்கு இழுக்கும், திறப்பதற்கு ஊதும். கசிவு இருந்தால் கதவைப் பூட்டிய பிறகும் அந்தப் பம்ப் நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்து, பிறகு தானாக நிற்கும். அப்படியே பல மாதம் விட்டால் பம்ப் எரிந்துபோகலாம், ஆகவே உறுமல் கேட்ட அன்றே தேடத் தொடங்குங்கள். கிளை கிளையாகப் பிரித்து ஊசியைப் பார்க்கும் முறை இங்கேயும் அப்படியே பொருந்தும், ஆனால் ஊதும் பக்கத்தை இந்தக் கைப் பம்பால் சோதிக்க முடியாது. இழுப்பது, ஊதுவது இரண்டும் செய்யும் கைப் பம்புகள் தனியாக உண்டு, இந்த வண்டிக்காரர்கள் அந்த வகையைத் தேடி வாங்குவது நல்லது.

டபிள்யூ123க்கு என்றால் சாதாரண வகை போதும். கேஜ் இல்லாத மலிவான பம்பை மட்டும் வாங்காதீர்கள், காற்றை அதுவும் இழுக்கும், ஆனால் கசிகிறதா இல்லையா என்று அது உங்களிடம் சொல்லாது.